நூற்றுப் பதினெட்டு பவுண்டு

நூலகத்தின் பின்பக்க ஜன்னலிலிருந்து பார்த்தால் கல்லூரி ஜிம்மின் பார்க்கிங் லாட் தெரியும். அன்று சாயங்காலம் அங்கே ஒரு கார் தனியாக நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்தது. கண்ணாடிகள் எல்லாம் உள்ளே ஆவி படிந்து, பால் ஊற்றிக் கழுவியதுபோல வெளுத்திருந்தன.

எங்கள் கார்தான். பழைய நீலக் கார். மகன் சரவணன் கல்லூரிக்கு ஓட்டி வருவது.

குளிருக்கு ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பி வந்த புத்தகங்களை ஒரு வண்டி நிறைய ஏற்றி, அலமாரிகளில் அடுக்கிவிட்டு வந்து பார்த்தால் அது அப்படியே நிற்கிறது. உள்ளே அசைவே இல்லை. கையிலிருந்த மிச்சப் புத்தகங்களைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

பனி உருக இறைத்திருந்த உப்பு காலடியில் நொறுங்கியது. முன் கண்ணாடியின் அடியில் மட்டும் விரலகலத்துக்கு ஆவி படியாமல் இருந்தது. குனிந்து அதன் வழியாகப் பார்த்தேன்.

ரியர்வியூ கண்ணாடியில் ஐயப்பன் மாலை தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் கழுத்தில் இருக்க வேண்டிய மாலை.

எந்த வருடம்?

தேதியைச் சொல்லாமல் ஒன்றை எழுதினால் எனக்குச் சாப்பாட்டில் உப்பு குறைந்ததுபோல இருக்கும். ஆனால் இந்தச் சம்பவத்துக்கு மட்டும் என்னால் தேதி சொல்ல முடியவில்லை. நாங்கள் குடியேறிய பிஸ்கட்டவே ஊரில் எங்கள் பக்கம் இரண்டாவது இந்திய மளிகைக் கடை திறந்த வருடம் என்கிறேன் நான். இல்லை, அதற்கடுத்த வருடம், பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகுந்த குளிர்காலம் என்கிறார் என் கணவர். தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம். மாதத்தில் சந்தேகமில்லை. மார்கழி.

மற்ற எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருக்கும் நான், இதை மட்டும் எங்கும் குறித்து வைக்கவில்லை. எழுதி வைத்தால் அது நடந்ததாகிவிடும் என்ற பயம்.

சோளக்கொல்லைக் கல்லூரி

அந்தக் கல்லூரியில் நூலக உதவியாளர் வேலை கிடைத்த கதையை முன்பு எழுதியிருக்கிறேன். அதைப் படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கவுன்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், நடத்தும் சின்னக் கல்லூரி. இரண்டு வருடப் படிப்பு. முன்பு சோளக்கொல்லையாக இருந்த இடத்தில் மஞ்சள் செங்கல் கட்டடங்கள் நான்கைந்து. நடுவில் காற்று சுழன்றடிக்கும் ஒரு முற்றம். வேலை போன ஆண்கள், நர்ஸ் ஆக விரும்பும் தாய்மார்கள், கிடங்கில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து வகுப்பில் தூங்கும் பையன்கள் எல்லாரும் அங்கே படித்தார்கள். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அங்கே யாரும் யாரையும் பார்த்து நீ ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பதில்லை.

நம்மவர்கள் கேட்பார்கள். சரவணனுக்கு மார்க் குறைந்துபோய், பெரிய யுனிவர்சிட்டிகள் கைவிட்டு, நான் வேலை பார்க்கும் கல்லூரியிலேயே அவன் சேர்ந்தபோது, விருந்துகளில் என்னிடம் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். "கம்யூனிட்டி காலேஜா? பரவால்ல ஆன்ட்டி, அப்புறமா ட்ரான்ஸ்ஃபர் பண்ணிக்கலாம்." துக்கம் விசாரிப்பதுபோல இருக்கும் அந்தப் 'பரவால்ல'. என் கணவர் அதன் பிறகு விருந்துகளுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்.

அந்தச் சோளக்கொல்லைக் கல்லூரிக்கும் விளையாட்டு அணிகள் இருந்தன. ஒரே ஜிம். காலையில் அதில் பரீட்சை நடக்கும். மாலையில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு மல்யுத்த விரிப்பைப் போடுவார்கள். அதன் கிழிசல்களை டேப் ஒட்டி மறைத்திருப்பார்கள். நுழைவாயில் அலமாரியில் பழைய கோப்பைகள் இருந்தன. அவற்றின் பித்தளை மனிதர்களில் பாதிப் பேருக்குக் கை இல்லை. வெளியூர்ப் போட்டிக்குப் பஸ் கிடையாது. கோச்சே வேன் ஓட்டுவார்.

கோச்சின் பெயர் டெலூக்கா. பகலில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். மாலையில் இங்கே. நூலகத்துக்குப் போர் வரலாறு எடுக்க வருவார், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

ஆள் இல்லாத இடம்

மல்யுத்தத்தில் ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஒரு ஆள். அன்றைய விதிப்படி ஆகக் கீழான பிரிவுக்கு உச்ச எடை நூற்றுப் பதினெட்டு பவுண்டு, சுமார் ஐம்பத்து மூன்றரை கிலோ. அந்த எடைக்கு ஒரு அணியிடம் ஆள் இல்லையென்றால், எதிரணிக்காரன் விரிப்பின் நடுவில் வந்து நிற்பான், நடுவர் அவன் கையைத் தூக்குவார், அவ்வளவுதான். புள்ளிகள் போய்விடும். எங்கள் கல்லூரிக்கு ஒவ்வொரு போட்டியிலும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

சரவணன் மெலிந்த பையன். ஆனால் அவ்வளவு மெலிந்தவன் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் கொஞ்சம் மல்யுத்தம் செய்திருந்தான், எதிலும் ஜெயித்ததில்லை. அந்த எடைக்கு இறங்க முடிந்தால் இடம் உண்டு என்று கோச் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அணிக்கு அவன் தேவைப்பட்டான். அவன் பெயரைச் சொல்ல வராமல் 'வான்' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் போட்ட கறுப்பு ஸ்வெட்ஷர்ட்டை அவன் தூங்கும்போதும் கழற்றவில்லை.

அணியில் சேர்ந்தது எங்களுக்குத் தெரியும். எடை விஷயம் தெரியாது.

மாலை

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இனிமேல் ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான். எங்கள் வீட்டில் அவன் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். அவனுக்கு மூன்று வயதில் இங்கே வந்துவிட்டோம்.

அன்று பரமசிவம் அங்கிள் எங்கள் வீட்டில் இருந்தார். எங்கள் வட்டாரத்தின் குருசாமி அவர். வருடா வருடம் மாலை போட்டு, மண்டல பூஜை நடத்தி, தை பிறக்கும் சமயம் வெளிமாநிலத்தில் ஒரு ஐயப்பன் சன்னிதிக்கு வேனில் ஆட்களை இருமுடியோடு அழைத்துப்போவார். அந்த வருடப் பூஜைக்குச் சொல்லத்தான் வந்திருந்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். கார்த்திகை பிறக்க இருந்தது.

"பாத்தீங்களா, யாரும் சொல்லாமயே ஒருவேளைங்கறான். சாமி கூப்பிடறாரு" என்றார்.

சரவணன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, மாலை போட்டால் யாரும் என்னைச் சாப்பிடு சாப்பிடு என்று தொந்தரவு பண்ண மாட்டீர்களா என்று கேட்டான்.

அங்கிள் சிரித்துவிட்டார். "பண்ண மாட்டாங்க. பண்ணவே கூடாது. நீதான் சாமி, உன்னை யாரு கேக்கறது?"

எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

கார்த்திகை முதல் நாள் மாலை ஏறியது. பனியில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், பூட்ஸ் போட்டால் ஐயப்பன் மன்னிப்பார் என்று அங்கிள் விலக்குக் கொடுத்தார். கறுப்புச் சட்டைக்கு அந்தக் கல்லூரி ஸ்வெட்ஷர்ட்டே போதும் என்றாகிவிட்டது. என் கணவர், பெற்ற மகனை "சாமி, வாங்க, சாப்பிடுங்க" என்று பன்மையில் கூப்பிட ஆரம்பித்தார். காலில் விழுந்து எழுந்தார். ஈரோட்டுப் பக்கத்து மனிதர். அவ்வளவு சுலபமாக யார் முன்னாலும் குனிகிற உடம்பு இல்லை அது.

சனிக்கிழமை பூஜைகளில் யாரோ ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் கூடுவோம். கற்பூரப் புகைக்கு ஸ்மோக் அலாரம் கத்தும், ஒருவர் நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றுவார். அங்கேதான் முதல் தடவையாக என் மகனைப் பற்றி ஒருத்தி பொறாமைப்பட்டாள். "எங்க வீட்ல இருக்கறது பெரிய யுனிவர்சிட்டிதான். பெப்பரோனி கறி இல்லாம பீட்ஸா எறங்காது. நீங்க குடுத்து வெச்சவங்க."

அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரிடம் சொன்னேன். காரில் வரும்போது ஒரு தடவை, படுக்கப்போகும்போது ஒரு தடவை.

நிறைந்த டம்ளர்

முதலில் என்னைப் பயமுறுத்தியது தண்ணீர். ஒருவேளைச் சாப்பாட்டோடு நான் வைக்கும் டம்ளர் அப்படியே நிறைந்திருக்கும். விரதத்தில் சோறு குறையலாம், தண்ணீர் குறைய வேண்டியதில்லை. மோர் வைத்தேன். அதுவும் அப்படியே இருந்தது. அவன் அறைக் குப்பைக்கூடையில் காகிதக் கப்கள் கிடந்தன. அடியில் துப்பிச் சேர்த்த எச்சில். மாடிப்படியில் ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எதையோ மறந்துவிட்டவன்போல யோசிப்பான். பிறகு ஏறுவான்.

கேட்கலாமா என்று கணவரிடம் கேட்டேன்.

"சாமி விரதத்துல இருக்கறப்ப குறுக்கமறுக்கப் பேசப்படாது. இத்தன வருசத்துல ஊட்டுல ஒரு நல்லது நடக்குது. அதையும் நோண்டி எடுக்காத" என்றார்.

அது கோபம் இல்லை. கெஞ்சல். அதனால்தான் என்னால் மேலே பேச முடியவில்லை.

அந்த மாதம் என் விலக்கு நாட்கள் வந்தன. மாலை போட்ட சாமியின் கண்ணில் படக் கூடாது. நான் பேஸ்மென்ட்டில் தங்கினேன். பழைய சோபா, வாஷிங் மெஷின், ஹீட்டரின் உறுமல். கணவர் படியில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவார். தலைக்கு மேல் மகன் நடக்கும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். ஒவ்வொரு நாளும் காலடிச் சத்தம் லேசாகிக்கொண்டு போவதுபோல இருந்தது. என் மனப்பிரமை என்று நினைத்துக்கொண்டேன்.

தலைக்குக் குளித்துவிட்டு மேலே வந்தேன். சமையலறையில் அவன் நின்றிருந்தான்.

தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. சில நாள் பார்க்காமல் பார்த்த எனக்குத் தெரிந்தது. கன்னம் உள்ளே போய், பல்லின் வரிசை தோலுக்கு மேலேயே தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. கண்கள் மட்டும் பெரிதாக, வேறு யாருடையவோபோல.

"என்ன சாமி இப்படி…" என்று ஆரம்பித்தேன்.

ஐயாம் ஃபைன் என்று சொல்லிவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று சாயங்காலம் கல்லூரியில் போட்டி. எங்கள் ஜிம்மிலேயே.

கார்

காருக்குத் திரும்புகிறேன்.

மாலையைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் பயம் மகனைப் பற்றியது அல்ல. விரதத்தின் நடுவில் மாலையைக் கழற்றிவிட்டானே, என்ன ஆகப்போகிறதோ என்பதுதான். அதற்குப் பிறகுதான் மாலைக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தேன்.

சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தான். கழுத்துக்குக் கீழே கறுப்புக் குப்பைப் பைகள். கைக்கு ஓட்டை போட்டு மாட்டி, அதற்கு மேல் ஸ்வெட்ஷர்ட். வாய் திறந்திருந்தது. கண் மூடியிருந்தது.

கண்ணாடியைத் தட்டினேன். கதவு பூட்டியிருந்தது. "சாமி" என்று கூப்பிட்டேன். நாக்கு அதற்குத்தான் பழகியிருந்தது. "சாமி, கதவைத் திறங்க." அசைவில்லை. உள்ளங்கையால் அடித்தேன். "சாமி, சாமி" என்று நான் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, அந்த முகம் அப்படியே கிடந்தது. சுற்றிலும் இருட்டிக்கொண்டு வந்தது. பார்க்கிங் லாட்டில் ஒருவரும் இல்லை. கல் ஏதாவது கிடைக்குமா என்று தரையைப் பார்த்தேன். உப்பும் பனியும்தான்.

"டேய் சரவணா."

கண் திறந்தது.

கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது. உள்ளிருந்து வந்த அனல், பாய்லர் கதவைத் திறந்ததுபோல என் முகத்தில் அடித்தது. பிளாஸ்டிக்கும் வியர்வையும் கலந்த வாடை.

"போம்மா. ஹாஃப் பவுண்ட்தான் வேர்த்து எறங்கணும். டென் மினிட்ஸ்." நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

"மாலையை ஏண்டா கழட்டின?"

"ஸ்வெட்ல நனையும்ல. அது சாமியோடது."

அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. அவன் ஏமாற்றவில்லை. விரதம், தராசு இரண்டையும் ஒரே உடம்பில் நம்பிக்கொண்டிருக்கிறான்.

கத்தினால் கண்ணாடியை ஏற்றிவிடுவான் என்று தெரிந்தது. மாலையை நான் எடுத்துக்கொள்கிறேன், கதவைத் திற என்றேன். பூட்டு விலகியது. மறுபக்கம் போய் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டேன்.

"நீ எறங்கற வரைக்கும் நானும் எறங்கல."

என்மேல் கம்பளிக் கோட்டு. உள்ளே ஸ்வெட்டர். பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டேன். ஹீட்டர் முழு வேகத்தில் ஊதியது. எனக்கு அப்போதே பிளட் பிரஷர் மாத்திரை உண்டு. காலையில் நான் அதை விழுங்குவதைப் பார்த்து வளர்ந்த பையன் அவன்.

"கோட்டைக் கழட்டும்மா."

"மொதல்ல நீ அந்தக் குப்பைப் பையைக் கழட்டு."

அவன் கழுத்து நரம்பு துடிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துடிப்புக்கு இடையே ஒரு தடவை நீளமாக இடைவெளி விழுந்தது. அடுத்தது வருமா என்று காத்திருந்தேன். வந்தது. என் முதுகில் வியர்வை ஓடியது. காதுக்குள் ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. முன்னால் தொங்கிய மாலை மெதுவாக ஆடுகிறதா, என் கண் ஆடுகிறதா என்று தெரியவில்லை. பிடிவாதத்தில் அவன் என் பிள்ளை. இரண்டு பேரும் இப்படியே இங்கே கிடந்துவிடுவோமோ என்றுகூடத் தோன்றியது.

அவன் அழுதான். தோள் குலுங்கியது, முகம் கோணியது, கண்ணீர் மட்டும் வரவில்லை. அழுவதற்கு அந்த உடம்பில் தண்ணீர் இல்லை. அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

என் கை மடியிலிருந்து நழுவியதை அவன் பார்த்திருக்க வேண்டும். கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்றது.

தராசு

இறங்கியதும் அவனால் நிற்க முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜிம்முக்கு நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் குப்பைப் பை சரசரத்தது. வாசலில் கோச் நின்றிருந்தார். பையைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

எடை போட வேண்டும் என்று சரவணன் பிடிவாதம் பிடித்தான். லாக்கர் அறைக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே தராசின் இரும்புத் துண்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. மறுபடி நகர்த்தும் சத்தம். அரை பவுண்டு அதிகமாகவே இருந்திருக்கிறான்.

அதன்பின் தண்ணீர்க் குழாயின் சத்தம். அவன் குடிக்கிற சத்தம். நின்று, மூச்சு வாங்கி, மறுபடி குடிக்கிற சத்தம். கதவில் நெற்றியை வைத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோச் வெளியே வந்து என்னிடம் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. பையன் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையே என்று ஒரு தடவை கேட்டாராம். இது எங்கள் மத விரதம் என்று அவன் சொன்னானாம். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டாராம்.

வீட்டில் சாமியை நாங்கள் கேட்கவில்லை. கல்லூரியில் சாமியைப் பற்றி அவர் கேட்கவில்லை. இரண்டு மரியாதைக்கும் நடுவில் அந்தப் பிள்ளை காய்ந்துகொண்டிருந்தான்.

அன்று நடுவர் எதிரணிப் பையனின் கையைத் தூக்கினார். எங்கள் பக்கம் யாரும் இல்லை. சரவணன் பெஞ்சில் போர்வை சுற்றி உட்கார்ந்து கைதட்டினான்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அடுப்பைப் பற்றவைத்து, அவரே சோற்றைச் சூடு பண்ணி, தயிர் ஊற்றிப் பிசைந்தார். மாடிப்படியைப் பார்த்து, "டேய், தட்டை எடுத்துட்டு வாடா" என்றார்.

மாலையைப் பரமசிவம் அங்கிளிடம் கொடுத்தோம். அவர் ஒன்றும் கேட்காமல் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் கேட்டார்கள். பாதியில் இறக்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒருத்தி போன் பண்ணிச் சொன்னாள். இருமுடி வேன் அவன் இல்லாமல் போனது. அந்தத் தை மாதம் முழுக்க எங்காவது ஒரு சைரன் கேட்டால் அவன் எங்கே இருக்கிறான் என்று விசாரிப்பேன். சரவணன் எடையில் ஒரு படி மேலே ஏறி, சாப்பிட்டு, அந்த வருடம் பெரும்பாலும் தோற்றான். தோற்றுவிட்டு வந்து பசிக்கிறது என்பான்.

இரண்டு மூன்று குளிர்காலம் கழித்து, நூலகத்தில் காலைச் செய்தித்தாளைக் கம்பியில் கோக்கும்போது ஒரு செய்தியைப் பார்த்தேன். வேறு மாநிலங்களில், வேறு கல்லூரிகளில், இதேபோல எடை குறைக்கப் போய் மல்யுத்தப் பையன்கள் இறந்திருந்தார்கள். ரப்பர் உடை, சூடான அறை, தண்ணீர் இல்லை. அதன் பிறகு விதிகளை மாற்றினார்கள். அந்தப் பையன்களின் வயதைப் படித்துவிட்டு, புத்தக அலமாரிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சரவணனுக்கு இப்போது தொந்தி விழுந்துவிட்டது. அதைக் கேலி பண்ணினால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

ஆனால் குளிர்காலத்தில், எந்தக் கடை பார்க்கிங் லாட்டிலும், எஞ்சின் ஓட ஆவி படிந்து நிற்கும் காரைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்ப்பேன். கணவர் தலையில் அடித்துக்கொள்வார். ஒரு தடவை உள்ளே ஓர் இளம் ஜோடி இருந்தது. அந்தப் பெண் கோபமாகக் கண்ணாடியைத் துடைத்து என்னை முறைத்தாள். ஸாரி என்றேன்.

இருவரும் கண் விழித்திருந்தார்கள். அது எனக்குப் போதும்.